பந்தலூரில் இரண்டு ஊர்வசிகள்

எங்கள் பந்தலூர்ப் பக்கம் நடிகை ஊர்வசி இரண்டு பேர். தமிழ் வீடுகளில் அவர் ‘முந்தானை முடிச்சு’ பரிமளம், ‘மைக்கேல் மதன காமராஜன்’ திருப்பு, ‘பஞ்சதந்திரம்’ அம்மிணி. பெயரைச் சொன்னாலே சிரிப்பு வந்துவிடும். நாலு வீடு தள்ளி மலையாளம் பேசும் வீட்டில் கேட்டால் காஞ்சனா என்பார்கள், சினேகலதா என்பார்கள், அச்சுவின் அம்மா என்பார்கள், சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை ஏறும். நாங்கள் நீலகிரி மாவட்டம்தான், ஆனால் ஊட்டியை விட கேரளத்துச் சுல்தான் பத்தேரிதான் எங்களுக்குக் கிட்டம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு மொழியும் கலந்துதான் காதில் விழும். இலங்கையிலிருந்து திரும்பி வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த எங்களைப் போன்ற குடும்பங்களும், கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்களும் ஒரே கடையில் அரிசி வாங்கி, ஒரே கேபிளில் படம் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு வீட்டில் தமிழ்ப் படம் ஓடும், பக்கத்து வீட்டில் மலையாளப் படம் ஓடும், பிள்ளைகள் நாங்கள் எங்கே முறுக்கு கிடைக்குமோ அங்கே உட்காருவோம். அப்படித்தான் எனக்கு இரண்டு ஊர்வசியும் ஒரே வயதில் அறிமுகம் ஆனார்கள்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவு என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய நடிகையை ‘காமெடி நல்லா பண்ணுவாங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிட மாட்டார்கள். காமெடி நன்றாகச் செய்வார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சிரிக்க வைக்கிற காட்சிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தப் பெண் யாரையும் சிரிக்க வைக்க முயற்சி செய்வதே இல்லை. அவள் எதற்கோ பயந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பயத்தை மறைக்கப் பேசுகிறாள், பேசப் பேச மாட்டிக்கொள்கிறாள், நமக்குச் சிரிப்பு வருகிறது. எதற்குப் பயம்? இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்ற பயம். 40 வருடத்துக்கு மேலாக அவர் செய்திருக்கும் பெண்களில் எனக்குப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் அடியில் இந்த ஒன்றுதான் ஓடுகிறது. அதை ஒரு படத்தில் சிரிப்பாக்குவார், இன்னொரு படத்தில் பொறாமையாக்குவார், இன்னொன்றில் நெஞ்சைப் பிளக்கும் அழுகையாக்குவார். அவர் வீச்சு என்று நான் சொல்வது இதைத்தான்.

‘முந்தானை முடிச்சு’ 1983. பாக்யராஜ் இயக்கி நடித்தது, ஏவிஎம் படம், ஊர்வசி அப்போது பதின்ம வயதுப் பெண். இந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் முருங்கைக்காயில் போய் நின்றுவிடுகிறார்கள், அது சினிமாவை விட்டு வெளியே வந்து ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது. எனக்கு அந்தப் படத்தில் முக்கியமானது பரிமளம் செய்யும் பொய்ச் சத்தியம். பொடிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு ஊரில் குறும்பு செய்து திரிகிற பெண், மனைவியை இழந்து கைக்குழந்தையோடு வந்திருக்கும் வாத்தியார்மேல் ஆசைப்பட்டு, அவர் தன்னைக் கெடுத்துவிட்டார் என்று ஊரைக் கூட்டிப் பழி போட்டு, அவர் குழந்தையையே தாண்டி சத்தியம் செய்கிறாள். யோசித்துப் பாருங்கள், இதைவிட வெறுப்பு வரக்கூடிய காரியத்தை ஒரு கதாநாயகிக்கு யாராவது எழுதுவார்களா? எழுதினாலும் நடிக்கிறவர் கொஞ்சம் பிசகினால் படம் அங்கேயே படுத்துவிடும். அந்த இடத்தில் ஊர்வசி வில்லத்தனம் எதையும் காட்டுவதில்லை. விளையாட்டுப் பிள்ளை ஒன்று தன் கைக்கு அடங்காத பெரிய காரியத்தைத் தொட்டுவிட்ட பதற்றம்தான் முகத்தில் இருக்கிறது. கல்யாணம் ஆகிவிடுகிறது, ஆனால் வாத்தியார் அவளை மனைவியாக ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கிருந்து படம் முழுக்க அவள் அந்த வீட்டில் இடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சமையலில் கேட்கிறாள், குறும்பில் கேட்கிறாள், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்கிறாள். கடைசியில், சிற்றன்னை என்றால் குழந்தையைக் கொடுமைப்படுத்துவாள் என்று நினைக்கும் மனிதனுக்குத் தன்னை நிரூபிக்க, தனக்கென்று பிள்ளையே வேண்டாம் என்று கருத்தடை ஆபரேஷனுக்குப் போய்ப் படுக்கிற அளவுக்குப் போகிறாள். முதல் பாதியில் பையன்களோடு ஓடின அதே பெண்தான் இவள் என்று நம்ப முடிகிறது. எங்கேயும் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. அந்த வயதில் இதை எப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அப்புறம் 1990-இல் திருப்பு. திரிபுரசுந்தரி. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமல் நாலு வேடம் போட்ட படத்தில் கமலைத் தவிர வேறு யாரும் கண்ணில் படுவதே கஷ்டம். ஆனாலும் திருப்பு படுகிறாள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்த கதையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், அதை மறுபடி சொல்லப் போவதில்லை. அவள் பாட்டியைப் பாருங்கள், எஸ்.என். லட்சுமி செய்தது, போகிற இடமெல்லாம் எதையாவது கைவைத்து எடுத்துக்கொள்கிற பாட்டி. அந்தப் பாட்டியோடு நாலு பேர் முன்னால் நிற்கிற பேத்தியின் கண்ணைக் கவனியுங்கள். வாய் ஒன்று பேசும், கண் பாட்டியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மானம் போய்விடுமோ, நமக்கு ஒரு நல்ல இடம் அமையாமல் போய்விடுமோ என்ற கவலை அந்தப் பார்வையில் இருக்கிறது. வசனம் சொல்லும் விதத்திலும் ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்தை உரக்கத் தொடங்குவார், பாதியில் தானே சந்தேகப்பட்டுவிட்டது போலக் குரல் இறங்கும், கடைசி இரண்டு வார்த்தை பாதி மூச்சில் கரைந்து போகும். கிரேசி மோகன் வசனத்தை எல்லோரும் வேகமாகச் சொல்லித்தான் ஜெயித்தார்கள், இவர் இறக்கிச் சொல்லியே ஜெயித்தார். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரனும் திருப்பும் வரும் பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். எங்கள் ஊரில் அந்தப் பாட்டு வந்தால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் பாட்டு என்றே சொல்வார்கள்.

இந்த இடத்தில் நான் பக்கத்து வீட்டுச் சேச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையாள ஊர்வசியை எனக்குக் காட்டியவர் அவர்தான். படம் ஓடும்போது கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வருவார், வசனத்தைச் சொல்ல மாட்டார், அந்தப் பெண் மனசில் என்ன ஓடுகிறது என்பதைச் சொல்வார். ‘இப்போ பாரு, பொய் சொல்லப் போறா’ என்பார். அடுத்த நொடி ஊர்வசி பொய் சொல்வார். சேச்சி அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவர், அது வேறு. ஆனால் பொய் வாயில் வருவதற்கு முன்னாலேயே முகத்தில் வந்துவிடுகிறது, அது எனக்கும் தெரிந்தது, மொழி சரியாகப் புரியாத வயதிலும் தெரிந்தது.

அவர் காட்டியதில் முதல் படம் ‘பொன்முட்டையிடுந்ந தாராவு’, 1988. சத்யன் அந்திக்காடு இயக்கியது. ஊர்வசிக்கு சினேகலதா என்ற வேடம். சீனிவாசன் ஏழைத் தட்டான், அவளை உயிராய் நினைத்துத் தன் கையாலேயே ஒரு தங்க மாலை செய்து ரகசியமாகக் கொடுக்கிறான். அவளுக்கு வளைகுடாவிலிருந்து வந்த மாப்பிள்ளை அமைகிறான், ஜெயராம் செய்தது. தட்டான் வந்து மாலையைக் கேட்கிறான். எந்த மாலை என்று திருப்பிக் கேட்கிறாள் சினேகலதா. அவ்வளவுதான் காட்சி. மலையாளிகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பேசுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஏமாற்றுக்காரி இல்லை, உண்மையிலேயே எந்த மாலை என்று தெரியாத ஒரு அப்பாவிப் பெண் நிற்கிறாள். அவளே தன் பொய்யை நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஒரு நல்ல வீடு கைக்கு எட்டிவிட்டது, அதை விட்டுவிடக் கூடாது, அதற்கு இடைஞ்சலாக இருக்கும் எதுவும் நடக்கவே இல்லை, நடந்ததாக நினைவே இல்லை. பார்க்கிற நமக்கு அந்தத் தட்டானுக்காக வயிறு எரிகிறது, ஆனால் அவளை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. தமிழில் இப்படி ஒரு பெண்ணைக் கதாநாயகியாக வைத்தால் கடைசி ரீலில் திருந்தி அழ வைத்துவிடுவார்கள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

அதைவிடப் பெரியது ‘தலையணமந்திரம்’, 1990. அதே இயக்குநர், எழுத்து சீனிவாசன். காஞ்சனா என்கிற மூத்த மருமகள், கொழுந்தனுக்கு வசதியான வீட்டுப் பெண் மனைவியாக வந்ததும் மனசு புழுங்க ஆரம்பிக்கிறாள். புது மருமகளின் நகை, அவளுக்கு வீட்டில் கிடைக்கும் கவனிப்பு, எல்லாம் உறுத்துகிறது. கூட்டுக்குடும்பத்தை உடைத்துக் கணவனோடு தனியாகப் போகிறாள். காலனி வாழ்க்கை, அக்கம்பக்கத்தாருக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற வெறி, கடன், அதன்மேல் கடன், கடைசியில் கணவன் சிக்கிச் சீரழிகிறான். கதையாகச் சொன்னால் பழைய குடும்பப் படம் போலத்தான் இருக்கும். ஊர்வசி அதை எங்கே கொண்டுபோகிறார் என்பது பார்த்தால்தான் தெரியும். எதிரே ஒருத்தி நகையோடு நிற்கும்போது காஞ்சனா நகையைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள், நலம் விசாரிக்கிறாள், அப்புறம் ஒரே ஒரு நொடி கண் கழுத்துக்கு இறங்கி ஏறுகிறது. கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எஸ்டேட் லைன் வீடுகளில் வளர்ந்த எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பழக்கம். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடித்தனம் இருக்கிற இடத்தில், பக்கத்து வீட்டில் புது டிவி இறங்கினாலும் புதுத் தோடு வந்தாலும் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் விசாரிப்பார்கள், கண் மட்டும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். காஞ்சனா கெட்டவள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சின்ன வருமானத்தில், தன்னைவிட ஒரு படி மேலே நிற்பவர்களைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். ஊர்வசிக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த வருடங்களில் கேரள அரசின் சிறந்த நடிகை விருது அவருக்குத் தொடர்ந்து மூன்று முறை கிடைத்தது, 1989, 1990, 1991. முதலாவது விருதில் ‘மழவில்காவடி’யும் உண்டு, கதை நடக்கும் இடம் நம் பழனி. ஊரை விட்டு ஓடி வரும் ஜெயராமைப் பழனியில் சந்திக்கும் ஆனந்தவல்லி என்ற பெண்ணாக வருவார். பிறகு ‘மிதுனம்’ (1993), மோகன்லால் பிஸ்கட் பாக்டரி தொடங்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறார், காதலித்துக் கல்யாணம் செய்த மனைவியோ முன்பு இருந்த அன்பு எங்கே போனது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பலரும் அந்த மனைவியைத் தொல்லை என்றே சொல்கிறார்கள், எனக்கு அவள் கேட்டதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

இதே காலத்தில் தமிழ் அவருக்கு என்ன கொடுத்தது? ‘மகளிர் மட்டும்’ (1994) கொடுத்தது, அதற்காகத் தமிழ் சினிமாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ரேவதி, ரோகிணி, ஊர்வசி, மூன்று பெண்கள் மேல் ஒரு முழுப் படமும் நிற்கிறது, வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரி கொடுக்கும் தொல்லையைப் பற்றி அப்போதே வெளிப்படையாகப் பேசிய படம். ரேவதிக்குத் துணிச்சல், ரோகிணிக்கு வாய், ஜானகியான ஊர்வசிக்குப் பயம். நாகேஷ் பிணமாக நடித்த அந்தக் காட்சிகளை எல்லோரும் கொண்டாடுவது நியாயம்தான், ஆனால் பக்கத்தில் பயந்து பயந்து நிற்கிறவர் அந்தப் பயத்தை நிஜமாகக் கொடுக்காவிட்டால் பிணத்துக்கு என்ன மதிப்பு? ‘பஞ்சதந்திரம்’ 2002, அம்மிணி, கொஞ்ச நேரம்தான் வருகிறார், வந்த இடமெல்லாம் அவருடையது. இவ்வளவுதான் பெரிதாகச் சொல்ல. மற்றதெல்லாம் கலகலப்பான மனைவி, கலகலப்பான அண்ணி, கலகலப்பான அம்மா.

வீட்டிலேயே நடிப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் நாடக நடிகர்கள், அக்காக்கள் கலாரஞ்சினி, கல்பனா இருவரும் நடிகைகள். கல்பனாவை ‘சின்ன வீடு’ படத்தில் பாக்யராஜின் மனைவியாகத் தமிழ்நாடு பார்த்தது. அவரையும் சிரிப்பு நடிகை என்றே வைத்திருந்தார்கள், ‘தனிச்சல்ல ஞான்’ படத்துக்கு தேசிய விருது வந்தபோதுதான் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். 2016 ஜனவரியில் இறந்துபோனார். அக்காவையும் தங்கையையும் ஒரு படத்தில் எதிரெதிரே நிறுத்தி, சிரிப்பே இல்லாமல் இரண்டு மணி நேரம் பேச விட்டுப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

சில வருட இடைவெளிக்குப் பிறகு 2005-இல் ‘அச்சுவின்டெ அம்மா’. எல்ஐசி ஏஜென்ட் வனஜா, தனியாளாக மகளை வளர்க்கிறாள், மகளாக மீரா ஜாஸ்மின். இரண்டு பேரும் தோழிகள் மாதிரி அடித்துக்கொண்டு, கிண்டல் செய்துகொண்டு வாழ்கிறார்கள். மகள் ஒரு நாள் அப்பா யார் என்று விடாமல் கேட்க ஆரம்பிக்கிறாள். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வனஜாவுக்கு வார்த்தை நின்றுபோகிறது. ஊர்வசி பேசாமல் இருக்கும் காட்சிகளைத் தமிழ்ப் படங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும், இங்கே அந்த மௌனம்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. துணை நடிகைக்கான தேசிய விருது கொடுத்தார்கள். படத்தின் பெயரே அச்சுவின் அம்மா, அந்த அம்மா எப்படித் துணை நடிகை ஆவார் என்று சேச்சி அன்றைக்கே கேட்டார்.

தமிழ் அவரை மறுபடி ஒழுங்காகக் கவனித்தது 2020-இல்தான். ஊரடங்கு காலம், தியேட்டர் எல்லாம் பூட்டிக் கிடந்தது. எங்கள் வீட்டில் போனில் டவர் கிடைக்கும் இடம் ஜன்னலோரம் மட்டும்தான், அங்கே போனை நிறுத்தி வைத்து அம்மாவும் நானும் பார்த்தோம். அக்டோபரில் ‘புத்தம் புதுக் காலை’, அதில் சுதா கொங்கரா இயக்கிய பகுதியில் ஊர்வசியும் ஜெயராமும். துணையை இழந்த இரண்டு பேர், நடுவயதைத் தாண்டியவர்கள், யாருக்கும் சொல்லாமல் சந்திக்கிறார்கள், ஊரடங்கு வந்து ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். காதல் பொங்கும்போது அவர்கள் கண்ணுக்கு இளமையாகத் தெரிகிறார்கள், அந்த இளமைக்குக் காளிதாசும் கல்யாணியும் வருகிறார்கள். அழகான யோசனை, ஆனால் எனக்கு இளையவர்கள் வந்ததுமே ஊர்வசி எப்போது திரும்பி வருவார் என்றுதான் இருந்தது. அவர் முகத்தில் வெட்கம் அப்படி இருந்தது.

நவம்பர் 12-ஆம் தேதி ‘சூரரைப் போற்று’. 14-ஆம் தேதி தீபாவளிக்கு ‘மூக்குத்தி அம்மன்’. இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு அம்மாக்கள். மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சி ஒருத்தி, நாகர்கோவில் பால்தங்கம் ஒருத்தி. பால்தங்கம் கணவன் விட்டுப்போன வீட்டைத் தனியாக இழுத்துக்கொண்டு போகிறவள், திருப்பதிக்குப் போகணும் போகணும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து போக முடியாமலே இருக்கிறவள். அதைச் சிரிப்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அவரும் சிரிக்க வைக்கிறார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ‘இவ பேசுறத பாத்தா சிரிப்பு வருதுடி, ஆனா பாவமா இருக்கு’ என்றார். நான் இவ்வளவு நீளமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை அம்மா அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பேச்சியின் காட்சிக்கு வருகிறேன். சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க மகன் விமான டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் அல்லாடி, கடைசியில் எப்படியோ ஊர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் அம்மா. கட்டிப்பிடித்து அழும் அம்மாவைத்தான் தமிழ் சினிமா நமக்குப் பழக்கியிருக்கிறது. பேச்சி மகன்மேல் பாய்கிறாள். உனக்காகத்தானே அந்த மனுஷன் காத்துக் கிடந்தான் என்கிற கோபம் அது. அழுகையும் கோபமும் தனித்தனியாக வரவில்லை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குரல் கிழிந்து, வார்த்தை பாதி பாதியாக வருகிறது. திருப்புவுக்குக் குரலை எங்கே இறக்கினாரோ அதே இடத்தில் இங்கே உடைக்கிறார். அந்தக் காட்சி ஓடும்போது எங்கள் அம்மா எழுந்து போய்விட்டார். எங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, மன்னார் வழியாக 1970-களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர், தன் அம்மாவைக் கண்டியிலேயே விட்டுவிட்டு வந்தார். அந்தப் பாட்டி இறந்த சேதி கடிதத்தில்தான் வந்ததாம். அந்தக் கதையை அம்மா அன்றைக்குத்தான் என்னிடம் முழுசாகச் சொன்னார்.

இதற்கு முன்பே ‘உத்தம வில்லன்’ (2015) இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காமேஸ்வரனுக்கும் திருப்புவுக்கும் 25 வருடம் கழித்து, பெரிய நடிகனின் மனைவி வரலட்சுமியாகக் கமல் எதிரே வருகிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் அந்தக் காட்சி ஒன்று போதும். வாழ்நாள் முழுக்கக் கணவன் மனசில் தனக்கு இடம் இருந்ததா என்று தெரியாமலேயே வாழ்ந்துவிட்ட பெண் அவள்.

2024 அவருடைய வருடம் என்றே சொல்வேன். மார்ச்சில் ‘ஜே பேபி’, சுரேஷ் மாரி இயக்கியது, நீலம் தயாரிப்பு. மனநிலை தடுமாறிய அம்மா காணாமல் போகிறாள், கொல்கத்தாவில் இருப்பதாகத் தகவல் வருகிறது, தங்களுக்குள் பேசிக்கொள்ளாத இரண்டு மகன்கள் அவளைக் கூட்டிவர ரயில் ஏறுகிறார்கள். பேபியைப் பாவம் என்று நினைக்க அவர் விடுவதே இல்லை. அதிகாரம் செய்வாள், அதட்டுவாள், சண்டை இழுப்பாள், அடுத்த நிமிடம் குழந்தை மாதிரி முகம் வைத்துக்கொள்வாள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வீடு இருக்கிறது, பெற்றவளுக்கு எந்த வீட்டில் இடம் என்பதுதான் படம். இந்தப் படத்துக்குத் தியேட்டரில் கூட்டம் இல்லாமல் போனது எனக்கு ரொம்ப வருத்தம்.

ஜூனில் ‘உள்ளொழுக்கு’. கிறிஸ்டோ டோமி இயக்கம். குட்டநாடு, வெள்ளம், வீட்டுக்குள் கணுக்கால் வரை தண்ணீர். லீலாம்மாவின் மகன் நோயில் இறந்துபோகிறான், வெள்ளம் வடியாமல் அடக்கம் செய்ய முடியவில்லை. மருமகள் அஞ்சுவாகப் பார்வதி. அவள் கர்ப்பமாக இருப்பது தெரியவருகிறது, லீலாம்மா செத்த மகனின் பிள்ளை என்று நினைத்து உயிர் பெறுகிறாள், பிறகு அது அவன் பிள்ளை இல்லை என்று தெரிகிறது. மகனின் நோயை மறைத்துத்தான் கல்யாணம் செய்து வைத்தாள் என்பது அவள் பக்கத்து உண்மை. படம் பார்க்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் ஆனி ஆடி மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால், இறந்தவரை வீட்டில் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்காகக் காத்திருப்பது நடக்கும். அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டே இருக்க முடியாது. வந்தவர்களுக்குக் கட்டன்சாயா போட வேண்டும், விறகு நனையாமல் பார்க்க வேண்டும், தலைமாட்டு விளக்கு அணையாமல் எண்ணெய் விட வேண்டும். லீலாம்மா அப்படித்தான் இருக்கிறாள். துக்கம் அவள் செய்யும் வேலைகளுக்கு நடுவில் வந்து வந்து போகிறது. தண்ணீருக்குள் கால் வைத்து நடக்கும் நடையே வேறாகிவிட்டது. மருமகளிடம் பாசமாகப் பேசும்போது, அந்தப் பாசத்துக்குள் என்னை விட்டுப் போய்விடாதே என்ற கெஞ்சலும் இருக்கிறது, உன்னை விட மாட்டேன் என்ற பிடியும் இருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. சினேகலதா பொய்யைத் தானே நம்பினாள் என்றேன், லீலாம்மா தன் பொய்யை ஒருபோதும் மறக்கவில்லை, அது அவள் பேசும் ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் பின்னால் நிற்கிறது. அம்மாவும் சேச்சியும் இந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்தார்கள். லீலாம்மா செய்ததில் தப்பில்லை, பெற்ற வயிறு வேறென்ன செய்யும் என்று அம்மா. ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்று சேச்சி. இரண்டு பேரும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஒரு நடிகை நியாயத்தை இவ்வளவு சரிபாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம்.

இந்த வேடத்துக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது, அவருக்கு அது ஆறாவது. 2025-இல் தேசிய விருது அறிவித்தபோது மறுபடியும் சிறந்த துணை நடிகை. இந்த முறை அவரே வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், கேட்டது சரிதான். அந்தப் படத்தில் அவர் யாருக்குத் துணை? படம் நிற்பதே இரண்டு பெண்கள் மேல்தான். வயதான பெண் என்றால் துணை வேடம், அம்மா என்றால் துணை வேடம் என்று எழுதி வைத்த மாதிரி நடந்துகொள்கிறார்கள்.

தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் ‘தலையணமந்திரம்’ படத்திலிருந்து ஆரம்பிக்கலாம், சப்டைட்டில் கூடப் பெரிதாகத் தேவைப்படாது, பாதி வார்த்தை நமக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு ‘உள்ளொழுக்கு’ பாருங்கள். நடுவில் ஒரு நாள் திருப்புவைப் போட்டுப் பாருங்கள், வேறு மாதிரி தெரிவாள்.

தமிழில் எழுதுகிற, இயக்குகிற தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது. நல்ல அம்மா வேடங்களை அவர் நிறையச் செய்துவிட்டார், இனியும் செய்வார். பொறாமைப்படுகிற, கணக்குப் பார்க்கிற, பொய் சொல்லிவிட்டு அந்தப் பொய்யோடு வாழ்கிற ஒரு காஞ்சனாவைத் தமிழில் அவருக்கு யாரும் இன்னும் எழுதவில்லை. கோயம்புத்தூரிலோ கூடலூரிலோ ஏதோ ஒரு வாடகை வீட்டில் வைத்து எழுதுங்கள். கடைசி ரீலில் அவளைத் திருத்த வேண்டாம்.